தாங்கலின் பொதுப்பணமும் பொறுப்பேற்றவர் கடமையும்

காணிக்கை வேண்டாம் என்பது அய்யா வைகுண்டரின் போதனை. ஆனாலும் தாங்கல்களில் பணம் புழங்காமல் இல்லை. திருஏடு வாசிப்புக்கும் கொடியேற்றுத் திருநாளுக்கும் ஊரில் வரி பிரிக்கிறார்கள். அன்னதர்மத்துக்கு ஒருவர் அரிசி தருகிறார், இன்னொருவர் தேங்காய் தருகிறார், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். தர்மத்துக்கென்று கொடுத்த பிறகு அது கொடுத்தவருக்கும் சொந்தமல்ல, வாங்கி வைத்திருக்கும் நிர்வாகிக்கும் சொந்தமல்ல.

இதில் யாரும் எளிதில் கவனிக்காத ஆபத்து நிலத்தில் இருக்கிறது. ஊர் கூடிப் பணம் போட்டு தாங்கலுக்கு இடம் வாங்குவார்கள். பத்திரம் எழுதும்போது, நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவர் பெயரிலேயே முடித்துவிடுவார்கள். அவர் உயிரோடு இருக்கும்வரை ஒரு குறையும் வராது. அவர் காலத்துக்குப் பின் பட்டா வாரிசுகள் பெயருக்கு மாறும். பேரப்பிள்ளைகளுக்கு அது ஊர்ப் பணத்தில் வாங்கிய இடம் என்பதே தெரியாமல் இருக்கலாம். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்திரம் அப்படித்தானே சொல்கிறது! தாங்கலுக்கு முறையாக அறக்கட்டளை பதிவு செய்து, பத்திரம், பட்டா, மின் இணைப்பு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் அதன் பெயருக்குக் கொண்டுவருவது இன்றைய நிர்வாகிகளின் முதல் வேலை.

1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்காக எழுதப்பட்டது. ஆனாலும் அதிலுள்ள பொது நெறிகளைப் பொது தர்மங்களுக்கும் நீதிமன்றங்கள் பொருத்திப் பார்க்கின்றன. விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எப்படிப் பேணுவாரோ, அப்படி அறப்பொருளைப் பேண வேண்டும் என்கிறது அச்சட்டம். அறப்பொருளைக் கொண்டு சொந்த லாபம் தேடக் கூடாது என்றும் சொல்கிறது. திருநாள் மிச்சப் பணத்தைத் தம் கடைக்குப் புரட்டி, அடுத்த திருநாளுக்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று ஒருவர் நினைக்கலாம். வட்டியோடு திருப்பி வைத்தாலும் அது தவறுதான். அந்தப் பணம் கடனுக்கு விடவென்று பிரித்ததல்ல.

“நான் பெயருக்குத்தான் குழுவில் இருக்கிறேன், எல்லாம் அவர்தான் பார்க்கிறார்” என்று சொல்லும் உறுப்பினர்கள் பல ஊர்களில் உண்டு. சட்டம் இதை ஏற்பதில்லை. உடனிருப்பவர் கையில் பணம் போவதை விசாரிக்காமல் விட்டவரும், மோசடி தெரிந்தும் மறைத்தவரும் அந்த நஷ்டத்துக்குப் பொறுப்பாக நேரிடும். மரியாதை கருதி மௌனமாக இருந்தேன் என்பது அங்கே எடுபடாது. ஆகவே இரண்டு பேர் கையெழுத்தில்லாமல் வங்கியில் பணம் எடுக்க முடியாதபடி வைத்துக்கொள்வது நல்லது. இது பொருளாளர் மீதுள்ள சந்தேகம் அல்ல, நாளை அவர் மீது வீண்பழி வராமல் காக்கும் வழி.

கணக்குக் கேட்பவரைப் பகைவராகப் பார்க்கும் பழக்கமும் மாற வேண்டும். ஒரே துரவில் எல்லாச் சாதியாரையும் நீர் எடுக்கச் செய்த முந்திரிக் கிணற்றின் வழியில் வந்தவர்கள் அன்புக்கொடி மக்கள். அங்கே வரி கொடுத்த ஏழைத் தாய்க்கும் கணக்குக் கேட்க உரிமை உண்டு. சம்பந்தப்பட்ட இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர், நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாம். அறங்காவலரை நீக்கவும், கணக்குக் காட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வழக்கு என்று போய்விட்டால் இரு தரப்புக்கும் வருடக்கணக்கில் அலைச்சல்தான், ஊரும் இரண்டுபடும். திருநாள் முடிந்த சில நாளிலேயே வரவு செலவை எழுதித் தாங்கல் முன்பு ஒட்டி, உச்சிப்படிப்புக்குக் கூடும் மக்கள் முன்னிலையில் வாசித்துவிட்டால் பெரும்பாலான சச்சரவு அங்கேயே தீரும்.

புதிய குழு பொறுப்பேற்கும் நாளில் சாவியை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது. அசல் பத்திரம், ரசீதுப் புத்தகத்தில் எழுதாத தாள்கள் எத்தனை, வங்கியில் உள்ள இருப்பு, அன்னதர்மப் பாத்திரங்கள், விளக்குகள் என்று ஒவ்வொன்றையும் எண்ணிப் பட்டியல் எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.