உள்வீட்டுப் பெயரும் ஊரறிந்த முகவரியும்

கேள்வி: எங்கள் அலுவலக உள்வலையிலிருந்து செல்லும் மின்னஞ்சல்களை வெளிச் சேவையகங்கள் ஏற்க மறுக்கின்றன. பரிகாரம் என்ன?

பதில்: தங்கள் உள்வலைக்குள் மாத்திரமே செல்லுபடியாகும் ‘.லோக்கல்’ போன்ற பெயர், உலகப் பொதுவான டி.என்.எஸ். பதிவில் இடம்பெறாமையால், மறுமொழி அனுப்ப மார்க்கமற்ற அம்முகவரியைக் காணும் சேவையகம் அஞ்சலைச் சந்தேகித்து நிராகரிப்பது நியாயமே. ஆகவே, அஞ்சல் சேவையக மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில், 2005-இல் வெளிவந்த 2.2 பதிப்பு முதற்கொண்டு உள்ள ‘எஸ்எம்டிபி ஜெனரிக் மேப்ஸ்’ என்னும் அமைப்பைக் கைக்கொண்டு, ஒவ்வோர் உள்முகவரிக்கும் நேராக அதற்குரிய மெய்யான வெளிமுகவரியை எழுதி, ‘போஸ்ட்மேப்’ கட்டளையால் அட்டவணையாக்கி வைப்பீர்களாயின், எஸ்எம்டிபி வழியே புறப்படும் தறுவாயில் உறையிலும் தலைப்பிலும் முகவரி மாறிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் இயங்கும் இயந்திரத்திலேயே பட்டுவாடாவாகும் அஞ்சல்களோ பழைய பெயருடனேயே நிற்கும். புதிய முகவரிக்கு வரும் மறுமொழி உரியவரைச் சேருமாறு ஏற்பாடு செய்தலும் அத்தியாவசியம்; பதில் பெற இயலாத முகவரி, கடிதம் எழுதியவருக்கும் பெற்றவருக்கும் இழைக்கும் அநீதியாகும்.