தொழில்முனைவோர் கல்வியும் பௌத்த அறநெறியும்

பாலக்காட்டுக்கும் வாளையாற்றுக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது கஞ்சிக்கோடு. கேரளத்தின் முதன்மையான தொழிற்பகுதிகளுள் இதுவும் ஒன்று. 1970-களில் இன்ஸ்ட்ருமென்டேஷன், ஐ.டி.ஐ. ஆகிய பொதுத்துறை ஆலைகள் இங்கு எழுந்தன. தனியார் ஆலைகள் பல பின்தொடர்ந்தன. 2015-இல் தொடங்கப்பெற்ற பாலக்காடு இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகமும் இங்கேயே உள்ளது. ஆலையும் உயர்கல்வியும் அண்டை அயலாக விளங்கும் இத்தகைய இடத்தில், தொழில் தொடங்க விழையும் மாணவருக்கு எதைக் கற்பிப்பது என்பது வெறும் ஏட்டு வினா அன்று.

சந்தை, முதல், இலாபம் ஆகியவற்றை ஆராயுமாறு வழக்கமான பாடத்திட்டம் கூறுகிறது. பௌத்தம் அதற்கும் முந்திய வினா ஒன்றை எழுப்புகிறது: இத்தொழிலால் எவருக்கேனும் ஊறு நேருமா? எண்வகை நெறியுள் ஐந்தாவதாகிய நல்வாழ்க்கை இதனையே குறிக்கும். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வணிகத்தையும் இல்லறத்தார் விலக்க வேண்டுமென அங்குத்தர நிகாயம் கூறுகிறது.

இதனால் பௌத்தம் பொருளீட்டலுக்குப் பகை எனக் கொள்ளலாகாது. இளைஞன் சிகாலனுக்குப் புத்தர் உரைத்ததாக அமைந்த சிகாலோவாத சுத்தம் வருவாயை நான்காகப் பகுக்கிறது: ஒரு பங்கு நுகர்வுக்கு, இரு பங்கு தொழிலுக்கு, எஞ்சியது இடர்க்காலத்திற்கு. பாதியைத் தொழிலிலேயே இடச் சொல்லும் இவ்வறிவுரையை எந்த வங்கியாளரும் மறுக்கமாட்டார்.

எனினும், விலக்கிய ஐந்தையும் மனப்பாடம் செய்வது போதாது. அதே மாவட்டத்திலுள்ள பிளாச்சிமடை இதற்குச் சான்று. பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சேர்ந்த அவ்வூரில் 2000-இல் கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. நிலத்தடி நீர் குன்றியது, கிணற்று நீர் கெட்டது என முறையிட்டு, 2002-இல் பழங்குடி மக்கள் போராட்டத்தில் இறங்கினர். 2003-இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004-இல் உற்பத்தி நின்றது. மாநில அரசு அமைத்த குழு 2010-இல் இழப்பைச் சுமார் 216 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அங்கு உற்பத்தியானது குளிர்பானமே. விலக்கிய ஐந்தில் அது இல்லை. குறை கூறப்பட்டது பண்டத்தின் மீதன்று, அதனை ஆக்கிய முறையின் மீதே.

ஆகவே, கற்பிக்கப்பட வேண்டியது பட்டியல் அன்று, அதன் அடிப்படையாகிய ஊறு செய்யாமை. மாணவர் எழுதும் திட்ட அறிக்கையில் வரவு செலவுக் கணக்குடன் நீர்க்கணக்கும் இடம்பெறலாம்: எவ்வளவு நீர் எடுக்கப்படும், கழிவு எங்கே செல்லும், அந்நீரை இதுவரை நம்பி வாழ்ந்தோர் யாவர்? கடைசி வினாவுக்கான விடை வகுப்பறையில் கிடைக்காது. கிணற்றடிக்குச் சென்று கேட்டறிய வேண்டும். அப்பகுதிக்கும் மதிப்பெண் ஒதுக்கப்பட வேண்டும். இல்லையேல் மாணவர் அதனைத் தவிர்த்துவிடுவர்.