மோட்டார் வண்டியில் எரிந்த உருகியைக் கண்டு மாற்றும் முறை

உச்சமுனை முதலிய கடலோரக் குடியிருப்புகளின் மீனும் கருவாடும், கற்பிட்டித் தீபகற்பத்து மணற்பாங்கான தோட்டங்களில் விளையும் வெங்காயம், மிளகாய், காய்கறி ஆகியனவும் பாலாவி வழியாகவே புத்தளம், தம்புள்ளை, கொழும்பு ஆகிய இடங்களின் சந்தைகளுக்குச் செல்கின்றன. விடியுமுன் சந்தையைச் சேரவேண்டியிருத்தலால் லொறிகளும் சிறு வண்டிகளும் இரவிலேயே புறப்படுவதுண்டு. இடைவழியில் விளக்குகள் அணைந்துவிடின் சரக்குப் பழுதாவதுடன் உயிருக்கும் கேடு நேரலாம். பல வேளைகளில் இதற்குக் காரணம் எரிந்துபோன ஓர் உருகியே. பியூஸ் என வழங்கும் இச்சிறு பொருளை மாற்றும் முறையைக் கமக்காரரும் சாரதிகளும் அறிந்திருத்தல் நன்று.

உருகியின் தொழில்

உருகி என்பது மின்சாரம் செல்லும் வழியில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட மெல்லிய உலோகத் துண்டாகும். அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயுமாயின் அது சூடேறி உருகி அறுந்துவிடும். கம்பிகள் எரியுமுன் மின்வழி துண்டிக்கப்படுகின்றது. ஆகவே உருகி எரிதல் நோயன்று, நோயின் அறிகுறியே.

மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் கண்ணாடிக் குழாயுருகிகள் இருந்தன. இக்கால வண்டிகளில் இரு தகட்டுக் கால்களையுடைய பிளாத்திக்கு உருகிகளே பெரிதும் உள்ளன. அவற்றின் அளவு மேலே இலக்கத்தாலும் நிறத்தாலும் குறிக்கப்பட்டிருக்கும்:

5 அம்பியர் – இளங்கபிலம்
7.5 அம்பியர் – கபிலம்
10 அம்பியர் – சிவப்பு
15 அம்பியர் – நீலம்
20 அம்பியர் – மஞ்சள்
25 அம்பியர் – நிறமற்றது
30 அம்பியர் – பச்சை

12 வோல்ற்று வண்டியில் 55 உவாற்று முன்விளக்குகள் இரண்டு எரியும்போது ஏறக்குறைய 9 அம்பியர் மின்னோட்டம் செல்லும். இவ்விரண்டுக்கும் பொதுவாக ஓர் உருகி இருப்பின், அதற்கு 15 அம்பியர் போன்ற அளவு பொருந்தும். எனினும் வண்டியின் உருகிப்பெட்டி மூடியிற் காட்டிய அளவையே கைக்கொள்ளல் வேண்டும்.

கண்டறியும் முறை

1. வண்டியை வீதியோரத்தில் நிறுத்தி, இயந்திரத்தை ஓய்வித்து, எல்லா ஆளிகளையும் மூடித் திறப்பை வெளியே எடுக்க.

2. எவை இயங்கவில்லை என நோக்குக. ஒரு விளக்கு மாத்திரம் அணைந்திருப்பின் முதலில் அதன் மின்குமிழைச் சோதிக்க. பல கருவிகள் ஒருங்கே நின்றிருப்பின் உருகியை ஐயுறுக. சில வண்டிகளில் இடது, வலது முன்விளக்குகளுக்குத் தனித்தனி உருகிகள் உண்டு.

3. உருகிப்பெட்டியைத் திறக்க. அது சாரதியின் முழங்காலருகே பலகையின் கீழும், இயந்திரத்தின் அருகிலும் அமைந்திருக்கலாம். மூடியிலுள்ள படத்தைப் பார்த்து உரிய உருகியைத் தெரிந்துகொள்க.

4. பெட்டியினுள் இருக்கும் சிறு பிளாத்திக்குக் கவ்வியால் உருகியை நேராக மேலே இழுத்து, வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்க. உள்ளிருக்கும் உலோகம் அறுந்திருப்பினும் கருகியிருப்பினும் அது எரிந்ததாகும்.

5. கண்ணுக்குத் தெளிவாகாவிடின் உருகியை அதனிடத்தில் மீண்டும் பொருத்திச் சோதனை விளக்கைப் பயன்படுத்துக. அதன் கவ்வியை வண்டியின் வெற்று உலோகத்தில் மாட்டித் திறப்பையும் உரிய ஆளியையும் போட்டு, உருகியின் மேலுள்ள இரு சிறு துளைகளிலும் முனையை ஒவ்வொன்றாக வைக்க. இரண்டிலும் விளக்கெரியின் உருகி நல்லது. ஒன்றில் மாத்திரம் எரியின் உருகி எரிந்துவிட்டது. இரண்டிலும் எரியாவிடின் மின்சாரம் உருகிவரை வந்து சேரவில்லை.

மாற்றும் முறை

திறப்பையும் ஆளிகளையும் மீண்டும் மூடிய பின், அதே அளவும் அதே வடிவும் உடைய புதிய உருகியை இறுக அமரும்படி அழுத்துக. பின்னர் ஆளியைப் போட்டுப் பார்க்க. உடனே அதுவும் எரியுமாயின் மற்றொன்றைப் போடலாகாது. எங்கோ ஒரு கம்பி உறை தேய்ந்து வண்டியின் உலோகத்தைத் தொடுகின்றது எனக் கொள்க. பின்விளக்குகள், கதவு மடியும் இடங்கள், புதிதாகச் சேர்த்த விளக்குகளின் கம்பிகள் ஆகியவற்றை முதலிற் பார்க்க.

உருகி கைவசமில்லையெனச் செப்புக் கம்பியையோ வெள்ளித்தாளையோ சுற்றுவதும், கூடிய அளவுள்ள உருகியை இடுவதும் பெருந்தவறு. மின்னோட்டம் இருமடங்காகும்போது கம்பியில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். 15 அம்பியருக்குரிய இடத்தில் 30 அம்பியர் உருகியை இட்டால், உருகி அறுவதற்கு முன் கம்பியின் உறை உருகி வண்டி தீப்பற்றக்கூடும். அவசரத்துக்கு, வானொலி போன்று தேவையற்ற ஒன்றுக்குரிய உருகி அதே அளவினதாயின் அதைக் கழற்றி உதவிக்குக் கொள்ளலாம்.

கடற்கரை வண்டிகளுக்குரிய கவனம்

உச்சமுனைப் பக்கத்து உப்புக் காற்றும் மீன்பெட்டிகளிலிருந்து வடியும் நீரும் செப்பு இணைப்புகளிற் பச்சைக் களிம்பை உண்டாக்கும். களிம்பேறிய இணைப்புச் சூடேறி உருகிப்பெட்டியையே உருக்கிவிடலாம். எனவே பற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிய பின், களிம்பை மென்மையான அரத்தாளால் அகற்றி, பின்விளக்கு இணைப்புகளில் அதற்குரிய கிரீஸை மெல்லப் பூசுக. வண்டியை நன்னீராற் கழுவுதல் நன்று. ஆயினும் உருகிப்பெட்டியில் நீரைப் பாய்ச்சலாகாது.

ஹைபிரிட், மின்சார வண்டிகளிற் செம்மஞ்சள் நிற உறையுடைய கம்பிகளைத் தொடலாகாது. அவற்றில் உயிரைப் போக்கவல்ல உயர் மின்னழுத்தம் உண்டு. பற்றரியையொட்டித் திருகாணியாற் பூட்டிய பெரிய உருகிகளையும் தேர்ந்த மின்வினைஞரிடமே விடுக.

பயணம் புறப்படுமுன் ஒவ்வோர் அளவிலும் இரண்டு உருகிகள், கவ்வி, சோதனை விளக்கு, கைவிளக்கு ஆகியவற்றை வண்டியில் வைத்துக்கொள்ளல் வேண்டும். இவற்றுக்காகும் செலவு சிறிது. ஓர் இரவுச் சரக்கின் பெறுமதியோ பெரிது.