ஒருவருக்கு மட்டுமா ஓட்டு?

மாதர் சங்கத்துக்குத் தலைவி தெரிவு செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் 100 பேர். மூவர் போட்டி. இருவர் பிள்ளை மடுவத்தைத் திருத்த வேண்டும் என்கிறார்கள். ஒருவர் தேவையில்லை என்கிறார். திருத்த வேண்டும் என்போர் 60 பேர். ஆனால் அவர்கள் ஓட்டு 32, 28 என்று பிரிஞ்சு போச்சு. 40 ஓட்டு எடுத்தவர் ஜெயிச்சிட்டார்! "நீ விலகியிருந்தா நாம வந்திருப்போம்" என்று தோற்றவர்களுக்குள்ளேயே சண்டை.

இப்படி ஓட்டுப் பிரிகிற தொல்லை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்திலும் இருந்தது. அங்கே மேயர் தேர்தலுக்கு முன்பு, கட்சியின் வேட்பாளரைத் தெரிவு செய்ய முதற்கட்டத் தேர்தல் நடக்கும். ஜனநாயகக் கட்சி பலமான ஊர். 2017இல் அக்கட்சியின் முதற்கட்டத்தில் லைடா குரூசன் சுமார் 32 வீத ஓட்டோடு வென்று, பிறகு மேயரானார். டிஷாரா ஜோன்ஸுக்குச் சுமார் 30 வீதம். மிச்ச ஓட்டு மற்றவர்களுக்குச் சிதறியது.

2020 நவம்பரில் மக்களே வாக்களித்து முறையை மாற்றினார்கள். முதற்கட்டத்தில் எல்லா வேட்பாளரும் கட்சிப் பெயர் இல்லாமல் ஒரே சீட்டில் நிற்பார்கள். பிடித்தவர் எத்தனை பேரோ, அத்தனை பேருக்கும் அடையாளம் இடலாம். கூடுதலாகப் பெற்ற இருவர் இறுதித் தேர்தலுக்குப் போவார்கள். இதை 'ஏற்பு வாக்கு முறை' எனலாம்.

2021 மார்ச்சில் நால்வர் போட்டியிட்டனர். டிஷாரா ஜோன்ஸ் 57 வீதம், காரா ஸ்பென்சர் 46, மற்ற இருவர் 39, 14. கூட்டிப் பாருங்கள், 156 வருது! கணக்குப் பிழையல்ல. பலர் ஒருவருக்கு மேல் ஆதரித்தார்கள். ஏப்ரலில் ஜோன்ஸ் மேயரானார்.

நம் சங்கத்தில் அந்த 60 பேரும் இருவருக்கும் அடையாளம் இட்டிருந்தால்? யாரும் விலக வேண்டியதில்லை, சண்டையும் இல்லை.

குறையும் உண்டு. இரண்டாவதாகப் பிடித்தவருக்கும் ஓட்டுப் போட்டால், அவரே நமக்கு முதலில் பிடித்தவரை முந்திவிடலாம்.

கவனம்! நமது பாராளுமன்றத் தேர்தலில் ஒரு கட்சிக்கு மட்டுமே புள்ளடி இட வேண்டும். பிறகு அதே கட்சியில் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். பல கட்சிகளுக்குப் புள்ளடி இட்டால் உங்கள் வாக்கு நிராகரிக்கப்படும். வீட்டில் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.