இடக்கையும் நம் கைதான்

டெல்லியில் ஒரு தமிழ்க் குடும்பம். மாலை நேரம். சிறுமி தரையில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். பென்சில் அவளுடைய இடக்கையில் இருக்கிறது. இடப்பக்கம் பாட்டி அமர்ந்திருக்கிறார்.

"பீச்சாங்கையாலயா எழுதுற? சோத்துக்கைக்கு மாத்து" என்றார் பாட்டி.

சிறுமி பென்சிலை மாற்றிப் பிடித்தாள். எழுத்து கோணிப் போனது. கண் கலங்கியது.

அவளுடைய அம்மா அருகில் வந்தார். "அத்தை, அவ கைக்கு வந்தபடி எழுதட்டும். சின்ன வயசுல என் கையிலயும் அடிச்சாங்க. அதோட நான் சிலேட்டைத் தொடவே இல்லை. முப்பது வயசுலதான் எழுதக் கத்துக்கிட்டேன்" என்றார்.

பாட்டி பதில் பேசவில்லை.

இப்படிப்பட்ட பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. குற்றம் யார் மீது? கையின் மீதா? பார்ப்போம்.

பிறவியில் வருவது

உலகில் பத்துப் பேரில் சுமார் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால், அவர்களில் 4 பேர் இப்படி இருக்கலாம்.

நம் வலக்கையை மூளையின் இடப்பக்கம் இயக்குகிறது. இடக்கையை மூளையின் வலப்பக்கம் இயக்குகிறது. எந்தக் கை முந்தும் என்பது தாயின் வயிற்றில் இருக்கும்போதே தெரியத் தொடங்குகிறது. இது நோய் அல்ல. பிடிவாதமும் அல்ல.

பொருள்கள் யாருக்காக?

பெரும்பாலான பொருள்கள் வலக்கைக்காரர்களுக்காகவே செய்யப்படுகின்றன. கத்தரிக்கோலைப் பாருங்கள். அதில் இரண்டு அலகுகள் உண்டு. வலக்கையால் வெட்டும்போது விரல்களின் அழுத்தத்தால் இரண்டு அலகுகளும் நெருங்கி உரசும். துணி நறுக்கென்று வெட்டுப்படும்.

அதே கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அழுத்தம் மாறிவிடும். அலகுகள் விலகும். துணி இடையில் மடங்கிச் சிக்கும். வெட்ட வேண்டிய கோடும் கண்ணுக்கு மறையும். தையல் கற்கும் பெண்ணுக்குத் திறமை இல்லை என்பார்கள். உண்மையில் அந்தக் கத்தரிக்கோல் அவள் கைக்கு ஏற்றதல்ல. அலகுகளை மாற்றி அமைத்த இடக்கைக் கத்தரிக்கோலும் உண்டு.

டெல்லியில் மெட்ரோ ரயில் 2002 டிசம்பர் 24 அன்று தொடங்கப்பட்டது. நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் தடுப்புக் கதவு உண்டு. பயண அட்டையை ஓர் இயந்திரத்தில் காட்டினால் கதவு திறக்கும். அந்த இயந்திரம் வலப்பக்கம் இருக்கிறது. இடக்கைக்காரர் தன் கையை உடம்பின் குறுக்கே நீட்ட வேண்டும். மறந்துபோய் இடப்பக்கம் காட்டினால் பக்கத்துக் கதவு திறக்கும்! பின்னால் நிற்பவர் சலித்துக்கொள்வார்.

எழுத்து ஏன் கலைகிறது?

தமிழை இடமிருந்து வலமாக எழுதுகிறோம். இடக்கையால் எழுதினால், எழுதிய வரியின் மேலேயே கை நகரும். ஈர மை கையில் ஒட்டும். எழுத்தும் கலையும்.

டெல்லித் தெருக்களின் பெயர்ப் பலகைகள் பலவற்றில் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது ஆகிய நான்கு மொழிகளும் இருக்கும். இவற்றில் உருது மட்டும் வலமிருந்து இடமாக எழுதப்படுகிறது. உருது எழுதும்போது வலக்கைதான் மையின் மேல் நகரும். ஆகவே குறை கையில் இல்லை. எழுதும் திசைதான் காரணம்.

கைநாட்டும் கையெழுத்தும்

எழுதத் தெரியாத ஆண்கள் கைநாட்டு வைக்கும்போது இடக்கைப் பெருவிரலைப் பதிப்பதே வழக்கம். வாக்குச்சாவடியில் மை வைப்பதும் இடக்கை ஆள்காட்டி விரலில்தான். கைநாட்டுக்கு இடக்கை ஆகும். கையெழுத்துக்கு மட்டும் ஆகாதா?

இடக்கையால் போட்ட கையெழுத்தும் செல்லும். வங்கியில் முதலில் கொடுத்த கையெழுத்தைப் போலவே எப்போதும் போட வேண்டும். அவ்வளவுதான்.

காந்தியடிகள் 1909-ஆம் ஆண்டு லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் சென்றார். அப்போது 'இந்திய சுயராஜ்யம்' என்ற நூலைக் குஜராத்தி மொழியில் எழுதினார். வலக்கை சோர்ந்தபோது இடக்கையால் எழுதினார். சுமார் 40 பக்கங்களை அப்படி எழுதினார்.

டெல்லியில் கிரோரி மால் கல்லூரியில் படித்த நடிகர் அமிதாப் பச்சன் இடக்கையால் எழுதுபவர். சச்சின் டெண்டுல்கர் வலக்கையால் மட்டை பிடித்தார். ஆனால் எழுதுவது இடக்கையால்.

நாம் என்ன செய்யலாம்?

1. பிள்ளை எந்தக் கையால் எழுத வருகிறதோ, அந்தக் கையால் எழுத விடுங்கள்.

2. இடக்கையால் எழுதும் பிள்ளையின் நோட்டை வலப்பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள். கை, வரிக்குக் கீழே இருக்கட்டும். எழுத்து கலையாது.

3. பெஞ்சின் இட ஓரத்தில் உட்கார வையுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிக்காது.

4. விளக்கு வலப்பக்கம் இருக்கட்டும். கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது.

5. வலக்கையால் உண்பது நம் வழக்கம். அதை அன்பாகச் சொல்லித் தரலாம். எழுதுவதற்கு அதைக் கட்டாயமாக்க வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவினால் இரண்டு கைகளும் சுத்தம்தான்.

6. பள்ளியில் பிள்ளையை அடித்தால் சும்மா இருக்க வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்கிறது. மனம் நோகும்படி நடத்துவதையும் தடை செய்கிறது. இதை அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள்.

அன்று மாலை அம்மா மகளின் நோட்டைச் சாய்த்து வைத்தார். சிறுமி மீண்டும் இடக்கையால் எழுதினாள். எழுத்து நேராக வந்தது. ஆனால் அவளுடைய முழங்கை பாட்டியின் மேல் இடித்தது.

பாட்டி எழுந்தார். மறுபக்கம் போய் அமர்ந்தார். "இப்ப எழுது கண்ணு" என்றார்.

பயிற்சி

1. கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் துணி ஏன் சிக்குகிறது?

2. உருது எழுதும்போது எந்தக் கை மையின் மேல் நகரும்? ஏன்?

3. 60 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் சுமார் எத்தனை பேர் இருக்கலாம்?

4. கலந்து பேசுங்கள்: உங்கள் வீட்டிலோ தெருவிலோ இடக்கைப் பழக்கம் உள்ளவர் உண்டா? எந்தப் பொருள் அவருக்குத் தொல்லை தருகிறது? கேட்டு வந்து ஐந்து வரிகள் எழுதுங்கள்.