பழைய கணினி மேல் பழி: என்எஃப்எஸ் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில், ரயில் பாதையை ஒட்டிச் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் பாலோ. இதுபோன்ற ஊர்களில் ஒரு கணினி லேசில் ஓய்வு பெறுவதில்லை. அலுவலகத்தில் கழித்துவிட்ட பெட்டி டியூஷன் வகுப்புக்கு வரும். அங்கே உழைத்து முடித்தபின் கோயில் கணக்கு எழுதப் போகும். அதன் ஹார்ட் டிஸ்க் சிறியது, வயதும் ஆனது. ஆகவே கோப்புகளை ஒரே சர்வரிலோ நாஸ் என்ற வலைச் சேமிப்புப் பெட்டியிலோ வைத்து, எல்லாக் கணினிகளிலும் வலைவழியாகத் திறப்பதே புத்திசாலித்தனம். அந்த வேலையைச் செய்யும் பழம்பெரும் ஏற்பாடு என்எஃப்எஸ். அதைச் சுற்றி உலவும் தப்பெண்ணங்களும் அதே அளவுக்குப் பழையவை.

“இவ்வளவு பழைய மெஷினில் அதெல்லாம் ஓடாது” என்பது முதலாவது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் என்எஃப்எஸ்ஸை உருவாக்கியபோது கணினிகளின் நினைவகம் சில மெகாபைட்தான். டாஸ் கணினிகளுக்கும் பிசி-என்எஃப்எஸ் என்ற கிளையன்டை அந்த நிறுவனமே விற்றது. 1999இல் தொடங்கிய எல்டிஎஸ்பி திட்டத்தில், ஹார்ட் டிஸ்க்கே இல்லாத கணினிகள் நெட்வொர்க் கார்டு வழியே பூட் ஆகி, இயங்குதளத்தையே என்எஃப்எஸ் மூலம் சர்வரிலிருந்து எடுத்துக்கொண்டன. நார்வேயில் 2001இல் பள்ளிகளுக்காகப் பிறந்த ஸ்கோலேலினக்ஸ், மாணவர்களின் ஹோம் கோப்புறைகளை இந்த வழியில்தான் தருகிறது.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. 32-பிட் செயலி கொண்ட கணினியில், 2025இல் வந்த டெபியன் 13ஐ நிறுவ முடியாது. டெபியன் 12 வரைதான் அதற்கு வழி. நிறுவிய பிறகும் ஒரு பொறி காத்திருக்கும். லினக்ஸ் கெர்னலுக்கு என்எஃப்எஸ் தெரிந்திருந்தாலும், சர்வரின் கோப்புறையை இணைக்க, அதாவது மவுன்ட் செய்ய, உதவும் தனிப் பொதி வேண்டும்: டெபியன் வகையில் ‘என்எஃப்எஸ்-காமன்’, ரெட் ஹேட் வகையில் ‘என்எஃப்எஸ்-யூட்டில்ஸ்’. அது இல்லாமல் மவுன்ட் கட்டளை கொடுத்தால் திரையில் ‘பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்’ என்று வரும். படித்தவர் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டுவார். டிஸ்க்கில் ஒரு குறையும் இருக்காது. அந்தச் செய்தியின் கடைசியில், துணை நிரல் ஒன்று தேவைப்படலாம் என்ற குறிப்பும் இருக்கும். அதுவரை யாரும் படிப்பதில்லை.

விண்டோஸ் விஷயத்தில் இரண்டு எதிரெதிர் நம்பிக்கைகள் உண்டு. விண்டோஸுக்கு என்எஃப்எஸ்ஸே வராது என்பது ஒன்று. எல்லா விண்டோஸிலும் உண்டு என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. எக்ஸ்பி புரொஃபஷனலுக்கு ‘சர்வீசஸ் ஃபார் யூனிக்ஸ் 3.5’ தொகுப்பை மைக்ரோசாஃப்ட் 2004இல் இலவசமாகவே கொடுத்தது. எக்ஸ்பி ஹோமில் அது நிறுவாது. விண்டோஸ் 7இல் எண்டர்பிரைஸ், அல்டிமேட் பதிப்புகளில் மட்டும் கிளையன்ட் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது, இயக்கிவிட்டால் போதும். ஹோம், புரொஃபஷனல் பதிப்புகளில் தேடிப் பயனில்லை.

இந்த விண்டோஸ் கிளையன்ட்களுக்கு என்எஃப்எஸ்ஸின் 2ஆம், 3ஆம் பதிப்புகள் மட்டுமே தெரியும். சர்வரில் 4ஆம் பதிப்பு மட்டும் திறந்திருந்தால், கிளையன்டை எத்தனை தடவை நிறுவி நீக்கினாலும் பலனில்லை. 4ஆம் பதிப்புக்கு 2049 என்ற ஒரே போர்ட் போதும். 3ஆம் பதிப்புக்கு அதோடு 111ஆம் போர்ட்டில் போர்ட்மேப்பரும், மவுன்ட் சேவையும் வேண்டும். ஃபயர்வாலில் மூன்றுக்கும் வழி விட வேண்டும். 2ஆம் பதிப்பை மறந்துவிடலாம். 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது கையாளாது.

அதிகம் பேரைத் திணறடிக்கும் நம்பிக்கை இனிமேல்தான் வருகிறது: “இரண்டு கணினியிலும் ஒரே யூசர்நேம் வைத்துவிட்டோம், அனுமதி கிடைத்துவிடும்.” சாதாரண அமைப்பில் என்எஃப்எஸ் பெயரைப் பார்த்து அனுமதி தருவதில்லை; பயனர் எண்ணைப் பார்க்கிறது. டெபியனிலும் அதன் வழி வந்தவற்றிலும் முதல் பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இந்த வகைதான். ஆனால் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 6 வரை, ஆகவே சென்ட்ஓஎஸ் 6 வரை, அந்த எண் 500இல் தொடங்கியது. 7ஆம் பதிப்பில்தான் 1000 ஆனது. பழைய சென்ட்ஓஎஸ் கணினியில் ‘ஆசிரியர்’ என்ற பயனர் 500. புதிய சர்வரில் அதே ‘ஆசிரியர்’ 1000. பெயர் ஒன்று, சர்வருக்கு ஆள் வேறு. கோப்புப் பட்டியலைத் திறந்தால் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 1000 என்று நிற்கும். கோப்பு திறக்கும், சேமிக்க மட்டும் முடியாது.

அந்த நேரத்தில் பலர் செய்யும் காரியம், சர்வர் கோப்புறைக்கு 777 அனுமதி கொடுப்பது, அல்லது ‘நோ ரூட் ஸ்குவாஷ்’ என்ற விருப்பத்தைச் சேர்ப்பது. இரண்டும் ஆபத்து. முதலாவது, அந்தக் கோப்புறையை யார் வேண்டுமானாலும் அழிக்க வைக்கும். இரண்டாவது, கிளையன்டில் ரூட் கடவுச்சொல் தெரிந்த எவரையும் பகிர்ந்த கோப்புகள் அனைத்துக்கும் அதிபதியாக்கும். செய்ய வேண்டியது பயனர் எண்களை ஒன்றாக்குவதுதான். சில நிமிட வேலை. விண்டோஸ் 7இல் ரெஜிஸ்ட்ரியில் என்எஃப்எஸ் கிளையன்டின் ‘டீஃபால்ட்’ பகுதிக்குப் போய், ‘அனானிமஸ்யுஐடி’, ‘அனானிமஸ்ஜிஐடி’ என்ற இரு மதிப்புகளைச் சேர்த்துச் சர்வரில் உள்ள எண்களைக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் கிளையன்ட் கழித்தல் 2 என்ற எண்ணோடு போய் நிற்கும். சர்வர் அதை யாரோ அந்நியராகவே நடத்தும்.

இடிமழைக்குப் பேர்போன மலேசியத் தீபகற்பத்தில் அடுத்த நம்பிக்கை தினசரிப் பிரச்சினையே. மின்சாரம் போய்த் திரும்பியதும் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெறுகின்றன. நாஸ் பெட்டி தயாராகச் சில நிமிடம் எடுக்கும்; அதற்குள் பழைய கணினி மவுன்ட் செய்ய முயன்று பாதியில் நின்றுவிடும். “மெஷின் தொங்குகிறது, ‘சாஃப்ட்’ என்று மாற்று” என்பார்கள். இயல்பாக இருப்பது ‘ஹார்ட்’: சர்வர் திரும்பும்வரை அது காத்திருக்கும். ‘சாஃப்ட்’ சில முயற்சிகளுக்குப் பின் கைவிட்டுவிடும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு சத்தமில்லாமல் சேதமாகலாம். கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர்கள் ‘சாஃப்ட்’ பக்கமே போகக் கூடாது. மவுன்ட் முயற்சியைப் பின்னணிக்கு அனுப்பும் ‘பிஜி’ விருப்பமோ, கோப்புறையைத் தொடும்போது மட்டும் மவுன்ட் செய்யும் ஆட்டோஎஃப்எஸ்ஸோ போதும். ‘டைமியோ’ எண்ணை வினாடி என்று எண்ணுவதும் பிழை. அது வினாடியில் பத்தில் ஒரு பங்கு: 14 என்றால் 1.4 வினாடி.

யுடிபிதான் வேகம் என்று பழைய குறிப்புகள் சொல்லும். ஜிகாபிட் வலையில் யுடிபி வழியே போகும் என்எஃப்எஸ் தரவு கெட்டுப்போக வாய்ப்புண்டு. பாக்கெட் அடையாள எண்கள் 65,536 மட்டுமே என்பதால் அவை சில வினாடிகளில் மறுபடி வந்து, வெவ்வேறு துண்டுகள் தவறாக ஒட்டிக்கொள்ளும். 2020இல் வந்த லினக்ஸ் 5.6 முதல் யுடிபி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. டிசிபி போதும்.

“உள் வலைதானே, பாதுகாப்பு எதற்கு?” என்பது கடைசி. சாதாரண என்எஃப்எஸ் தரவை மறையாக்கம் செய்வதில்லை. கிளையன்ட் சொல்லும் பயனர் எண்ணை அப்படியே நம்புகிறது. விருந்தினர் வைஃபையும் சர்வரும் ஒரே வலையில் இருந்தால், வந்தவர் எவரும் தன் லேப்டாப்பில் 1000 என்று ஒரு பயனரை உண்டாக்கிக் கோப்புகளைத் திறக்கலாம். அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை இதைத் தடுக்கும். ஆனால் அது கடிகார வித்தியாசத்தை இயல்பாக 5 நிமிடம் வரைதான் பொறுக்கும். பழைய மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும், சர்வர் உள்ளே விடாது. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப மாற்றுவதற்கு முன் அந்தப் பேட்டரியைப் பாருங்கள்.

சிறிய இடங்களுக்குக் கெர்பரோஸ் பாரமாக இருந்தால், விருந்தினர் வைஃபையைத் தனி வலையாகப் பிரியுங்கள். சர்வரின் பகிர்வுப் பட்டியலில் அந்தந்தக் கணினியின் ஐபி முகவரியை மட்டும் எழுதுங்கள். மாணவர்களுக்கான கோப்புறையைப் படிக்க மட்டும் திறந்துவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தம் 2014 ஏப்ரலிலேயே நின்றுபோன எக்ஸ்பியை இணையத்தோடு இணைக்க வேண்டாம். அதே பெட்டியில் 32-பிட் டெபியன் 12ஐ ஏற்றி, என்எஃப்எஸ்-காமன் சேர்த்து, பயனர் எண்ணைச் சரிபார்த்து ஒரு சோதனைக் கோப்பைச் சேமித்துப் பாருங்கள். சேமித்தால், அந்தக் கணினியை இன்னும் கழித்துக்கட்ட வேண்டியதில்லை.