லைசென்ஸ் நின்றால் இன்சூரன்ஸ் விலை ஏறுமா?

கேள்வி: எனக்கு ஊர் மல்லாங்கிணறு. சொந்தமாக ஒரு குட்டியானை வைத்து நானே ஓட்டுகிறேன். பருத்தி, மல்லி, மக்காச்சோளம் என்று விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் லோடு அடிப்பேன். களையெடுப்பு நேரத்தில் திருச்சுழிப் பக்கம் கூலி வேலைக்குப் போகும் பெண்களைப் பின்னால் ஏற்றிப் போவதும் உண்டு. அப்படிப் போனபோது நான்குவழிச் சாலையில் மடக்கிக் கேஸ் போட்டார்கள். அபராதம் கட்டினேன். அப்புறம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அதான் பணம் கட்டியாச்சே என்று போகவில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு லைசென்ஸை நிறுத்தி உத்தரவு வந்துவிட்டது. வண்டி இன்சூரன்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. லைசென்ஸ் நின்றவர்களுக்குக் கம்பெனி தராது, தந்தாலும் மூன்று மடங்கு கேட்பார்கள் என்கிறார் ஏஜெண்ட். இப்படிப்பட்டவர்களுக்குத் தனி இன்சூரன்ஸே இருக்கிறது என்று அமெரிக்காவில் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பையன் சொல்கிறான். எது உண்மை? என் மச்சானிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது, பேட்ஜ் இல்லை. அவரை வைத்து வண்டியை ஓட்டலாமா ஐயா?

பதில்: ஏஜெண்ட் சொன்னது தவறு. சொந்தக்காரப் பையன் சொன்னது சரிதான், ஆனால் அது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுகிறவரின் பழைய கணக்கைப் பார்த்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். குடித்துவிட்டு ஓட்டியோ, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியோ ஒருவர் லைசென்ஸை இழந்தால், பல மாநிலங்களில் அதைத் திரும்பப் பெற எஸ்.ஆர்.-22 என்ற சான்று வேண்டும். ‘இவருக்கு நாங்கள் காப்பீடு கொடுத்திருக்கிறோம்’ என்று கம்பெனியே அரசிடம் தாக்கல் செய்யும் காகிதம் அது. அந்தக் காகிதம் தேவைப்படுகிறவருக்குப் பிரீமியம் எகிறிவிடும்.

இங்கே கதை வேறு. நம் மோட்டார் வாகனச் சட்டம் காப்பீட்டை வண்டியோடு கட்டிப் போட்டிருக்கிறது. 146-ஆம் பிரிவின்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தைக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, மத்திய அரசுதான் நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத நான்கு சக்கரச் சரக்கு வாகனத்துக்கு அது 16,049 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. ஓட்டுகிறவரின் லைசென்ஸ் நின்றிருக்கிறதா, ஓடுகிறதா என்று அந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் கம்பெனியின் கையில் இருக்கிறது. அதில் வண்டியின் வயது, முந்தைய கிளெய்ம் எல்லாம் வரும். உங்கள் மூன்று மாத உத்தரவை வைத்து மூன்று மடங்கு கேட்க எந்த விதியும் இல்லை.

நம் நாட்டிலும் இந்த யோசனை எழாமல் இல்லை. சாலை விதிமீறலுக்குப் புள்ளிகள் போட்டு, அதற்கேற்ப ஒரு கூடுதல் பிரீமியம் வாங்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த குழு ஒன்று 2021-இல் பரிந்துரைத்தது. டெல்லியில் தொடங்கிப் பார்க்கலாம் என்றும் சொன்னது. அது பரிந்துரையாகவே நிற்கிறது. ‘ஆபத்தான வண்டி’ என்று கம்பெனிகள் ஒதுக்கிய லாரிகளின் தேர்ட் பார்ட்டி காப்பீட்டை எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு பொதுத் தொகுப்பில் சுமக்கும் ஏற்பாடு 2012 ஏப்ரலில் வந்தது. பிறகு அதுவும் கலைக்கப்பட்டது. அங்கேகூட ஒதுக்கப்பட்டது வண்டிதான், டிரைவர் இல்லை.

ஆகவே பாலிசி முடிகிற தேதிக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். ஏஜெண்ட் மறுத்தால் நேராகக் கம்பெனிக் கிளைக்குப் போங்கள். அங்கும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே பாதி மறுப்பு காணாமல் போகும். எழுதியே தந்துவிட்டால் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கும், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்துக்கும் புகார் அனுப்புங்கள். ‘வண்டி மூன்று மாதம் சும்மாதானே நிற்கும், அப்புறம் போட்டுக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடாதீர்கள். இடையில் யாராவது ஒரு நாள் ரோட்டுக்கு எடுத்தால் முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரும். விபத்து நடந்தால் நஷ்டஈடு முழுக்க உங்கள் தலையில். 90 நாள் தாண்டினால் கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குச் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.

விலை ஏறாது என்பதால் நிம்மதியாக இருந்துவிட முடியாது. உங்கள் பாலிசியை எடுத்து, ‘டிரைவர்’ என்று தலைப்பிட்ட பத்தியைத் தேடிப் படியுங்கள். பொடி எழுத்தில் இருக்கும். உரிமையாளர் உட்பட யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று தாராளமாகத் தொடங்கி, விபத்து நேரத்தில் ஓட்டுகிறவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதிநீக்கம் செய்யப்பட்டவராக அவர் இருக்கக் கூடாது என்று முடியும். அந்தக் கடைசி வரி உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதியது. சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, உத்தரவில் குறிப்பிட்ட நாட்களுக்கு உங்கள் லைசென்ஸ் செயலற்றது. அட்டை உங்கள் சட்டைப் பையிலேயே இருந்தாலும் அப்படித்தான்.

அந்த நாட்களில் நீங்கள் ஸ்டியரிங் பிடித்தால் 182-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைக்கூடக் கட்டி மீளலாம். ஒரு பைக்காரர்மீது மோதிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பாதிக்கப்பட்ட குடும்பம் அருப்புக்கோட்டையிலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ விபத்து இழப்பீட்டு வழக்குப் போடும். லைசென்ஸ் நின்றிருப்பது தெரிந்தே உரிமையாளர் ஓட்டினார் என்று கம்பெனி நிரூபித்துவிடும், உத்தரவு நகல் ஒன்றே போதும். 2004-இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்ன வழியில், இத்தகைய வழக்குகளில் முதலில் கம்பெனி அந்தக் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். வசூலிக்கத் தனி வழக்குகூட வேண்டாம், அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட்டால் போதும் என்று அதே ஆண்டு நஞ்சப்பன் வழக்கில் சொல்லப்பட்டது. வீடு, காடு, வண்டி எல்லாம் ஜப்திக்கு வரும். பிரீமியம் ஒழுங்காகக் கட்டியவருக்கே இந்தக் கதி.

உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் கவனியுங்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் அது. லைசென்ஸ் நின்றிருக்கும் நாளில் புதுப்பிக்கும்போது, படிவத்தில் ‘லைசென்ஸ் உண்டு’ என்ற கட்டத்தில் ஏஜெண்ட் பாட்டுக்கு டிக் அடித்துவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். உண்மை நிலையை எழுதிக் கொடுங்கள், லைசென்ஸ் கைக்கு வந்ததும் அந்தக் காப்பீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். பொய் டிக் பின்னால் கிளெய்மை முடக்க ஒரு காரணமாகும்.

மச்சான் ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்தை, இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் தனியாக பேட்ஜ் இல்லாமலே ஓட்டலாம் என்று 2017-இல் மூன்று நீதிபதிகள் சொன்னதை, 2024 நவம்பர் 6 அன்று ரம்பா தேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்திவிட்டது. குட்டியானை அந்த எடைக்குள் தாராளமாக வரும். ஆனால் மச்சான்தானே என்று விடாமல் அவருடைய லைசென்ஸைக் கையில் வாங்கிப் பாருங்கள், எண்ணைப் பரிவாகன் தளத்தில் போட்டு, செல்லுபடியாகும் தேதியைச் சரிபார்த்து, நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் நியாயமான அக்கறையோடு பார்த்துத்தான் வண்டியைக் கொடுத்தார் என்றால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்பதும் ஸ்வரன் சிங் தீர்ப்பில் உள்ளதுதான். மச்சானுக்குச் சம்பளம் கொடுப்பதாக இருந்தால், பாலிசியில் சம்பள டிரைவருக்கான காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அற்பத் தொகை, பலர் விட்டுவிடுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்துவது, பின்னால் உட்கார்ந்து போன அந்தப் பெண்கள்தான். சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ கூட வந்தால் பாலிசி அவரைக் காக்கும். வண்டிக்காரர் தன் வேலைக்கு வைத்திருக்கும் ஆட்களுக்கும், சட்டம் சொல்லும் அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. களையெடுக்கப் போகிறவர்கள் உங்கள் ஆட்கள் அல்ல, காட்டுக்காரரின் ஆட்கள். அவர்கள் கையில் இருக்கும் தூக்குவாளியும் களைக்கொத்தும் சரக்கு ஆகாது. இப்படிச் சரக்கு வண்டியில் பயணிகளாக ஏறியவர்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு மூன்று வருடம் முன்னால் வேறு மாதிரி வந்திருந்த தீர்ப்பையும் அது மாற்றியது. உங்கள் லைசென்ஸ் சுத்தமாக இருந்து, பாலிசி நடப்பில் இருந்தாலும் இதுதான் நிலைமை. நம் கரிசல் காட்டில் காலை நேரத்துக்கு பஸ் இல்லாததால்தான் குட்டியானையில் ஏறுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். இருக்கன்குடிக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போகும் சொந்தபந்தமும் அப்படித்தான் போகிறது. வண்டி கவிழ்ந்தால் ஐந்து குடும்பத்துக்கான இழப்பீட்டை நீங்கள் ஒருவர் கொடுக்க வேண்டியிருக்கும், உங்களால் முடியாது, அவர்களுக்கும் கிடைக்காது. ஆள் கூட்டிப் போகும் வேலையைப் பயணிகள் பர்மிட் உள்ள வேனுக்கு விடுங்கள். வாடகையைக் காட்டுக்காரர் கொடுக்கட்டும்.

லைசென்ஸ் உத்தரவுக்கு வருவோம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 21-ஆம் விதியில், பொதுமக்களுக்கு ஆபத்தான செயல்களின் வரிசையில் வருகிறது. உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015 ஆகஸ்டில், இதற்கும் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்துங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. அபராதம் தனி, இந்த நடவடிக்கை தனி. ஒன்றைக் கட்டியதால் மற்றது தீராது. நோட்டீஸ் என்பது உங்கள் பக்கத்தைச் சொல்லச் சட்டம் கொடுத்த வாய்ப்பு, அதை நீங்களே விட்டுவிட்டீர்கள். உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் 19-ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். நோட்டீஸே வராமல் உத்தரவு வந்திருந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் போடச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது பொருந்தாது. மேல்முறையீடு விசாரணைக்கு வருவதற்குள் மூன்று மாதம் பாதி ஓடிவிடும். செய்ததை நீங்களே ஒப்புக்கொள்ளும்போது அதற்குச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

அட்டையை விருதுநகர் அலுவலகத்தில் ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதை உத்தரவில் அடிக்கோடிட்டு வையுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, நிறுத்தப்பட்ட லைசென்ஸைத் திரும்பப் பெற ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். தேதி முடிந்த பிறகு போய் விசாரிக்காமல், அட்டையை ஒப்படைக்கும் அன்றைக்கே அந்தப் பயிற்சியை எங்கே, எப்போது நடத்துகிறார்கள் என்று கேட்டுப் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.